டிக்கெட் முதல் ப்ரொடக்‌ஷன் வரை: ஐந்து பேர் டீம் தன் டூல்களை அமைத்துக்கொள்வது எப்படி

"புதுசா ஒரு டீம் ஆரம்பிக்கிறோம், ஐந்து பேர், ஜிரா எடுக்கலாமா, கிட்ஹப்பே போதுமா, அஷ்யூர் டெவ்ஆப்ஸ் நல்லா இருக்கும்னு சொல்றாங்களே" என்று அடிக்கடி கேட்கிறார்கள் (மூன்றும் சாஃப்ட்வேர் டீமின் வேலையைப் பதிந்து நடத்த உதவும் டூல்கள்). டூல் பெயரை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் இப்போதைய ப்ராஜெக்டைத் திறந்து, ஆறு மாதத்துக்கு முன்னால் எழுதிய ஏதாவது ஒரு வரியை எடுத்துக்கொண்டு, இதற்கெல்லாம் விடை தேடிப் பாருங்கள்: இதை யார் கேட்டார்கள், யார் எழுதினார்கள், எழுதியவரைத் தவிர வேறு யார் படித்துப் பார்த்துச் சரி என்றார்கள், எந்தத் தேதியில் வாடிக்கையாளர் கைக்குப் போனது? ஐந்து நிமிடத்துக்குள் எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தால் உங்கள் டூல்கள் சரியாகவே இருக்கின்றன, மாற்ற வேண்டாம். "அதை எழுதியவர் வேற கம்பெனிக்குப் போயிட்டாரே" என்பதுதான் பதில் என்றால் மேலே படியுங்கள்.

அப்ளிகேஷன் லைஃப்சைக்கிள் மேனேஜ்மென்ட், சுருக்கமாக ஏ.எல்.எம். என்று விற்கப்படுகிற எல்லா சாஃப்ட்வேரும் கடைசியில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்லத்தான் இருக்கிறது. டாஷ்போர்டு, ரிப்போர்ட், வண்ண வண்ண போர்டு எல்லாம் அதற்குப் பிறகு. நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்றே ஒன்று: ஒரு வேலைக்கு ஒரு நம்பர் கொடுங்கள், அந்த நம்பர் பிராஞ்ச் (கோடில் தனியாக வேலை செய்யும் கிளை), கமிட் (பதிவு செய்த ஒரு மாற்றம்), ரிவ்யூ, பில்ட் (கோடை ஓடும் ஆப்பாகத் தொகுப்பது), ரிலீஸ், ப்ரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்தில்) வரும் எரர் என்று எல்லா இடத்துக்கும் கூடவே போகட்டும். எந்த டூல் வாங்கலாம் என்பதை இதை வைத்தே முடிவு செய்துவிடலாம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரைக்கும் போவோம். மளிகைக் கடைகளுக்கு பில்லிங் ஆப் செய்கிற டீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையிலிருந்து போன் வருகிறது: ஆப் போடும் வரியும் ஆடிட்டர் கணக்கில் வரும் வரியும் சில பைசா வித்தியாசப்படுகிறது. 33.50 ரூபாய் பொருள் மூன்று. ஒவ்வொன்றுக்கும் தனியாக 5 சதவீதம் போட்டால் 1.675, பைசாவுக்கு ரவுண்ட் செய்தால் 1.68, மூன்றும் சேர்த்தால் 5.04. மொத்தம் 100.50க்கு ஒரே தடவை வரி போட்டால் 5.03. ஒரு பைசாதான். ஆனால் நாற்பது பொருள் இருக்கிற பில்லில் இது கூடிக்கொண்டே போகும், மாதக் கடைசியில் கடைக்காரருக்குத் தலைவலி.

டிக்கெட்டை எழுதுவது

போன் வந்தவுடன் பெரும்பாலான டீம்களில் என்ன நடக்கிறது? வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் விழுகிறது, யாரோ கட்டைவிரல் போடுகிறார், அதற்குக் கீழே நூறு மெசேஜ் வந்து அது மேலே போய்விடுகிறது. வாட்ஸ்அப்பைத் தடை செய்யச் சொல்லவில்லை, வாடிக்கையாளர் அங்கேதான் பேசுவார். ஆனால் குரூப்பில் வந்ததை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் உடனே டிக்கெட்டாக (டூலில் நம்பரோடு பதியும் வேலைக் குறிப்பாக) போட்டு, அந்த நம்பரையே குரூப்பில் பதிலாக எழுதட்டும். "87ல் போட்டாச்சு". இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

டிக்கெட்டில் என்ன எழுத வேண்டும்: எதைச் செய்தார்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும், எந்த வெர்ஷன், எந்தக் கடை. "வரி தப்பா வருது" என்று எழுதினால் அதை எடுப்பவர் மறுபடி போன் செய்ய வேண்டும். "33.50 ரூபாய் பொருள் மூன்று, வரி 5.04 வருகிறது, 5.03 வர வேண்டும், வெர்ஷன் 2.4.1" என்று எழுதினால் எடுத்தவர் நேராக டெஸ்ட் எழுத உட்காரலாம். கடைசியாக ஒரு வரி, எப்படி இருந்தால் இது முடிந்தது என்று அர்த்தம் என்பது. அதை எழுதாத டிக்கெட் மூடவே மூடாது, இல்லையென்றால் மூன்று தடவை மூடித் திறக்கும்.

ஸ்டேட்டஸ் எத்தனை வேண்டும்? நான்கு போதும்: எடுக்கவில்லை, நடக்கிறது, ரிவ்யூவில் இருக்கிறது, முடிந்தது. ஜிராவில் பன்னிரண்டு ஸ்டேட்டஸும் அவற்றுக்கு நடுவே அம்புக்குறிகளும் வரைய முடியும் என்பதற்காக வரையாதீர்கள். ஐந்து பேர் டீமில் அதையெல்லாம் நகர்த்துவதே ஒரு வேலையாகிவிடும், இரண்டாவது வாரத்தில் யாரும் நகர்த்த மாட்டார்கள், மூன்றாவது வாரத்தில் போர்டு காட்டுவது ஒன்று, நடப்பது வேறொன்று.

எந்த டூல்?

இப்போது பெயர்களுக்கு வரலாம். விலை மாறிக்கொண்டே இருக்கும், சேர்வதற்கு முன் அவரவர் விலைப் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆனால் இலவசத் திட்டங்களில் ஒளிந்திருக்கும் வேறுபாடுகள் ரொம்ப முக்கியம், பலர் சேர்ந்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

கிட்ஹப்பில் கோடும் டிக்கெட்டும் ஒரே இடத்தில் இருக்கும், கற்றுக்கொள்ள நேரமே ஆகாது. ஆனால் பிரைவேட் ரெபாசிட்டரிக்கு (வெளியார் பார்க்க முடியாத கோடுக் கிடங்குக்கு) மெயின் பிராஞ்சைப் பூட்டும் வசதி, அதாவது யாரும் நேராக அதில் கோடு சேர்க்காமல் தடுப்பது, இலவசத் திட்டத்தில் கிடையாது, காசு கட்டும் திட்டத்தில்தான் வரும். கிட்லேபில் பிராஞ்சைப் பூட்டுவது இலவசத்திலேயே உண்டு, ஆனால் "இன்னொருவர் ஒப்புதல் கொடுக்காமல் மெர்ஜ் ஆகக் கூடாது (மெயினில் சேரக் கூடாது)" என்று கட்டாயப்படுத்துவதற்குக் காசு கட்ட வேண்டும், தவிர அவர்கள் சர்வரில் பிரைவேட் குரூப்புக்கு ஐந்து பேர்தான், மாதம் 400 நிமிட பில்ட்தான். அஷ்யூர் டெவ்ஆப்ஸில் முதல் ஐந்து பேருக்குக் காசில்லை, கட்டாய ரிவ்யூவர் உட்பட பிராஞ்ச் பாலிசி எல்லாம் அதிலேயே கிடைக்கிறது. திரை பழைய காலத்து மாதிரி இருக்கும், தேடல் கொஞ்சம் மெதுவாகத் தோன்றும், இலவச பில்ட் நிமிடங்களை ஒரு படிவம் நிரப்பிக் கேட்டு வாங்க வேண்டும். இருந்தாலும் பட்ஜெட் பூஜ்யம், கோடு பிரைவேட், ஆட்கள் ஐந்து என்றால் என் சிபாரிசு அதுதான். ஒரு ஆளுக்கு மாதம் சில டாலர் கொடுக்க முடியும் என்றால் கிட்ஹப் காசுத் திட்டம்.

ஜிரா? பத்துப் பேர் வரை இலவசம். டெவலப்பர் அல்லாத ஆட்கள், சப்போர்ட், சேல்ஸ், கிளையன்ட் என்று பலரும் டிக்கெட் போடுகிற இடமென்றால் எடுங்கள், ஆனால் எடுத்த அன்றே கிட்ஹப்போடு இணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டிக்கெட் ஒரு ஊரிலும் கோடு இன்னொரு ஊரிலும் இருக்கும். நம் சென்னையிலிருந்து வரும் ஜோஹோவிலும் ஸ்ப்ரின்ட்ஸ், ப்ராஜெக்ட்ஸ் என்று இருக்கிறது. ஏற்கெனவே மெயிலும் கணக்கும் ஜோஹோவில் ஓடுகிற கம்பெனி என்றால் அதையும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கலாம். சொந்த சர்வரில்தான் வைப்பேன் என்பவர்களுக்கு ரெட்மைன், கீட்டியா, கிட்லேப் கம்யூனிட்டி எடிஷன். அதற்கு பேக்கப் எடுப்பதும் அப்டேட் போடுவதும் உங்கள் பொறுப்பு என்பதை மறக்காமல் எடுங்கள்.

கோடு, கமிட், ரிவ்யூ

கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னல் டீமுக்கு அதே மாதிரி வேலை செய்யும் பிட்கீப்பரை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி பறிபோனதும் 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது, இன்று வேறு எதையும் யோசிக்க வேண்டியதே இல்லை. அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிராஞ்ச் பெயர் 87 என்று தொடங்கட்டும், பின்னால் இரண்டு மூன்று சொற்கள் போதும். கமிட் மெசேஜில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். என்ன மாறியது என்பதை டிஃப் (பழைய, புதிய கோடின் ஒப்பீடு) காட்டிவிடும், ஏன் என்பதை எந்த டூலாலும் பின்னால் கண்டுபிடித்துத் தர முடியாது. "வரி ரவுண்டிங்கை வரிசைக்கு வரிசை செய்யாமல் மொத்தத்தில் ஒரு தடவை செய்கிறோம், ஆடிட்டர் கணக்கோடு பைசா ஒத்துப்போக வேண்டும், 87" என்று ஒரு கமிட் இருந்தால், இரண்டு வருடம் கழித்து வருகிற ஆள் அந்த வரியின் மேல் கிட் பிளேம் (ஒரு வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) போட்டதும் கதை முழுவதும் கிடைத்துவிடும். "ஃபிக்ஸ்", "மறுபடியும் ஃபிக்ஸ்", "கடைசி ஃபிக்ஸ்" என்று மூன்று கமிட் இருந்தால் எந்த ஏ.எல்.எம். டூலும் காப்பாற்றாது.

புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தை மெயினில் சேர்க்கலாமா என்று கேட்கும் கோரிக்கை) விவரத்தில் ஃபிக்ஸஸ் என்று ஆங்கிலத்தில் எழுதி, ஹேஷ் குறியோடு 87 சேர்த்தால், அது டிஃபால்ட் பிராஞ்சில் மெர்ஜ் ஆனதும் கிட்ஹப் டிக்கெட்டைத் தானே மூடிவிடும், கிட்லேபிலும் இதே போல் உண்டு. அஷ்யூரில் டிக்கெட்டைப் புல் ரிக்வெஸ்ட்டோடு கட்டாயமாக இணைக்கச் சொல்லும் பாலிசியே இருக்கிறது, அதை ஆன் செய்துவிடுங்கள். ஜிராவை கிட்ஹப்போடு இணைத்திருந்தால், ப்ராஜெக்ட் கீயும் நம்பரும் பிராஞ்ச் பெயரிலோ கமிட்டிலோ இருந்தாலே போதும், அதுவே பிடித்துக்கொள்ளும்.

ரிவ்யூவில் ஒரே ஒரு விதியைக் கறாராக வையுங்கள்: புல் ரிக்வெஸ்ட் சின்னதாக இருக்க வேண்டும். இருபது வரி மாற்றத்தை அனுப்பினால் பத்து கேள்வி வரும், இரண்டாயிரம் வரி அனுப்பினால் "நல்லா இருக்கு" என்று ஒரு பதில் வரும். ஃபார்மேட்டிங், ஸ்பேஸ், கமா பற்றியெல்லாம் மனிதர்கள் பேசவே கூடாது, அதை லின்டர் (கோடின் வடிவத்தைத் தானே சரிபார்க்கும் டூல்) பார்த்துக்கொள்ளட்டும், ரிவ்யூ செய்கிறவர் "தள்ளுபடி போட்ட பில்லில் இது எப்படி வரும்?" என்று கேட்பதற்கு அந்த நேரத்தைச் செலவிடட்டும்.

பில்டும் டெஸ்ட்டும்

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் (கிட்ஹப்பின் சொந்த பில்ட் வசதி) பொதுவில் இருக்கும் ரெபாசிட்டரிக்கு இலவசம், பிரைவேட்டுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2000 நிமிடம். ஒரு பில்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் மாதம் நானூறு பில்ட், ஐந்து பேருக்குத் தாராளம். ஏற்கெனவே ஜென்கின்ஸ் (சொந்த சர்வரில் ஓடும் பில்ட் டூல்) ஓடுகிற இடத்தில் அதையே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஜென்கின்ஸுக்குப் போக நான் சொல்ல மாட்டேன், ப்ளகின்களை அப்டேட் செய்துகொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும்.

முதல் நாளே பெரிய பைப்லைன் (பில்ட், டெஸ்ட் என்று வரிசையாகத் தானே ஓடும் படிகள்) எழுத வேண்டாம். ஒரு யாமில் ஃபைல் (இந்தப் படிகளை எழுதும் டெக்ஸ்ட் ஃபைல்), அதில் புல் ரிக்வெஸ்ட் வரும்போதெல்லாம் கோடு கம்பைல் ஆகிறதா, டெஸ்ட் ஓடுகிறதா, அவ்வளவுதான். டெஸ்ட்டே இல்லாத ப்ராஜெக்டா? பரவாயில்லை. இனிமேல் ஒவ்வொரு பக்குக்கும் முதலில் ஒரு டெஸ்ட், அப்புறம் திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் 87க்கு: 33.50 பொருள் மூன்று, எதிர்பார்க்கும் வரி 5.03. இதை எழுதி ஓட்டினால் சிவப்பு (தோல்வி) வரும். கமிட் செய்யுங்கள். பிறகு கணக்கைத் திருத்துங்கள், பச்சை வரும். சிவப்பைப் பார்க்காமல் பச்சையை நம்பாதீர்கள், ஏனென்றால் தப்பாக எழுதிய டெஸ்ட் எப்போதுமே பச்சையாகவே இருந்துவிடலாம். இப்படி வருகிற பக்குக்கெல்லாம் எழுதிக்கொண்டு வந்தால், ஒரு வருடத்தில் உங்கள் ஆப் எங்கெல்லாம் உண்மையில் உடைகிறதோ அங்கெல்லாம் டெஸ்ட் இருக்கும்.

பைப்லைன் நின்றதும் அடுத்துச் சேர்க்க வேண்டியது டிபென்டன்சி எச்சரிக்கை, அதாவது நாம் பயன்படுத்தும் வெளி லைப்ரரியில் ஓட்டை இருந்தால் சொல்வது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது ஜாவா டீம்களிடம் எல்லோரும் கேட்டது "நம்மகிட்ட எங்கெல்லாம் இது இருக்கு?" என்ற ஒரே கேள்வியைத்தான். நேராகச் சேர்க்காவிட்டாலும் வேறு லைப்ரரி வழியாக உள்ளே வந்திருக்கும். லைப்ரரிகளைக் கண்காணிக்கும் டிபென்டபாட் அல்லது ரெனோவேட் ஆன் செய்து, லாக் ஃபைலையும் (எந்த லைப்ரரியின் எந்த வெர்ஷன் என்ற பட்டியல்) கமிட் செய்து வைத்திருந்தால் பதிலுக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. பாஸ்வேர்டு, ஏ.பி.ஐ. கீ எதுவும் கோடில் இருக்கக் கூடாது, பைப்லைனின் சீக்ரெட்ஸ் பகுதியில் வையுங்கள். ஒரு தடவை கமிட் ஆகிவிட்டால் அந்த ஃபைலை அழித்தாலும் ஹிஸ்டரியில் இருக்கும்; அந்த கீயையே மாற்றுவதுதான் வழி.

ரிலீஸ்: இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. நடந்தது என்னவென்றால், எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய கோடு போனது, எட்டாவது விட்டுப்போயிற்று, அதை இன்னொருவர் சரிபார்க்கவில்லை. புதிய வசதிக்காகப் பழைய ஒரு ஃப்ளாகையே (வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டாவது சர்வரில் அந்த ஃப்ளாக் எப்போதோ கைவிட்ட பழைய கோடை எழுப்பிவிட்டது, அது நிற்காமல் ஆர்டர் அனுப்பிக்கொண்டே இருந்தது. சந்தை திறப்பதற்கு முன்பே அவர்கள் சிஸ்டம் 97 மெயில் அனுப்பியிருந்தது, யாரும் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. பதற்றத்தில் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடை எடுத்தார்கள், அங்கேயும் பழைய கோடு ஓட ஆரம்பித்து நிலைமை இன்னும் மோசமானது.

நம் மளிகைக் கடை ஆப்புக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், எல்லாமே இருக்கிறது. டெப்லாய் (புதிய கோடை சர்வரில் ஏற்றுவது) என்பது மனிதர் கையால் சர்வர் சர்வராக ஃபைல் காப்பி செய்வதாக இருக்கக் கூடாது, ஒரு ஸ்க்ரிப்ட் செய்யட்டும், முடிந்ததும் எல்லா சர்வரிலும் எந்த வெர்ஷன் ஓடுகிறது என்று அதே ஸ்க்ரிப்ட் கேட்டுச் சரிபார்க்கட்டும். அதற்காக ஆப்பில் வெர்ஷன் நம்பரைச் சொல்லும் ஒரு சின்ன யு.ஆர்.எல். வைத்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. பயன்படுத்தாத கோடையும் பழைய ஃப்ளாகையும் நீக்கிவிடுங்கள், கிட்டில் இருக்கிறது, எங்கும் போகாது. ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது) எப்படிச் செய்வது என்பதை நிதானமாக இருக்கிற ஒரு மதியத்தில் ஒரு தடவை செய்து பாருங்கள்.

ரிலீஸுக்கு ஒரு டேக் (கிட்டில் அந்த நிலைக்கு வைக்கும் பெயர்) போடுங்கள். 2.4.1 இருந்தது, பக் மட்டும் திருத்தினோம், ஆகவே 2.4.2. புதிய வசதி என்றால் 2.5.0, பழையதை உடைக்கிற மாற்றம் என்றால் 3.0.0. இரண்டு டேக்குகளுக்கு நடுவே இருக்கிற மாற்றங்களைப் பட்டியலிட்டு ரிலீஸ் நோட்ஸை கிட்ஹப்பும் கிட்லேபும் ஓரளவு தானே தயாரித்துத் தரும். கடைக்காரருக்கு அனுப்பும்போது அதை அப்படியே அனுப்பாதீர்கள், "வரியில் பைசா வித்தியாசம் வந்தது சரிசெய்யப்பட்டது" என்று அவர் மொழியில் எழுதுங்கள்.

டேட்டாபேஸ் மாற்றம் இருக்கிற ரிலீஸ் மட்டும் தனி. டேபிளில் ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றிவிட்டு கோடையும் மாற்றினால் ரோல்பேக் செய்ய முடியாது. முதல் ரிலீஸில் புதிய நெடுவரிசை சேர்த்து இரண்டிலும் எழுதுங்கள், அடுத்ததில் புதியதிலிருந்து படியுங்கள், அதற்கும் அடுத்ததில் பழையதை நீக்குங்கள். மெதுவான வழிதான், ஆனால் ஒவ்வொரு படியிலிருந்தும் பின்னால் வர முடியும்.

போன பிறகு

சென்ட்ரி போன்ற எரர் டிராக்கர் ஒன்று வேண்டும். இணைக்கும்போது வெர்ஷன் நம்பரையும் சேர்த்து அனுப்பும்படி அமையுங்கள், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அப்போதுதான் "இந்த எரர் 2.4.2 போட்டதிலிருந்து வருகிறது" என்று அதுவே சொல்லும், அதிலிருந்து டேக், டேக்கிலிருந்து 87, 87இலிருந்து அந்த போன் வரை பின்னால் போகலாம். அலர்ட்டுகளைக் குறைவாக வையுங்கள், ஒரு நாளைக்கு ஐம்பது வந்தால் நைட் கேபிட்டலின் 97 மெயில் கதைதான்.

பேக்கப் எடுப்பதோடு நிற்காதீர்கள், மீட்டுப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் இரண்டாம் சர்வரில் செய்வதாக நினைத்து ஒரு பொறியாளர் முதன்மை டேட்டாபேஸின் டைரக்டரியை அழித்துவிட்டார். தினசரி பேக்கப் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் நினைத்தார்கள். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பேக்கப் எடுக்கும் டூலோ 9.2, அதனால் அது தோற்றுக்கொண்டே இருந்தது. தோற்றதைச் சொல்லும் மெயில்களும் சர்வரால் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்ததால் தப்பித்தார்கள், நடுவில் இருந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். நடந்தது அத்தனையையும் அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள், அதற்காக இன்றைக்கும் அவர்கள் மேல் மரியாதை இருக்கிறது. நீங்கள் மாதம் ஒரு தடவை பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, கடைசி பில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் ஒரு டிக்கெட் போட்டு, மாதாமாதம் தானே வருகிற மாதிரி வைத்துவிடுங்கள்.

எந்த வரிசையில்?

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தால் டீம் முரண்டு பிடிக்கும், நியாயம்தான். முதலில் டிக்கெட் நம்பர் பழக்கம் மட்டும், இரண்டு வாரம். அது வந்ததும் மெயின் பிராஞ்சைப் பூட்டிவிட்டு புல் ரிக்வெஸ்ட். அப்புறம் பில்ட். டெப்லாய் ஸ்க்ரிப்ட்டும் எரர் டிராக்கரும் அதற்கு அடுத்து. சோனார்க்யூப் (கோடின் தரத்தை அளக்கும் டூல்), பர்ன்டவுன் சார்ட் (மீதி வேலையைக் காட்டும் வரைபடம்) மாதிரி விஷயங்கள் யாராவது உண்மையில் கேட்கும்போது பார்க்கலாம், கேட்காவிட்டால் வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு வேலை: டிக்கெட், கமென்ட், அட்டாச்மென்ட் எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்ய முடிகிறதா என்று சோதனை ப்ராஜெக்ட் ஒன்றில் செய்து பாருங்கள். கோடையும் டிக்கெட்டையும் வைக்க இடம் தந்த கூகுள் கோட் 2016 ஜனவரியில் மூடியது. சொந்த சர்வரில் ஓடிய ஜிராவின் சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரியோடு அதைச் செய்யும் அட்லாசியன் சப்போர்ட்டை நிறுத்தியது. கோடு கிட்டில் இருப்பதால் எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், டிக்கெட்டுகள் அப்படி இல்லை. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலைத் திறந்து, 87ஆம் டிக்கெட்டின் கமென்ட்டுகளும் ஸ்கிரீன்ஷாட்டும் அதற்குள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் கார்டு நம்பரைக் கொடுங்கள்.